ஈரச் சாலையில் பின்பக்கம் இழுக்கும் வண்டி: மன்னார்குடி வாசகருக்குப் பதில்

மன்னார்குடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “2013-ஆம் ஆண்டு பொலிரோ வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் திருவாரூர் போகும்போது, ஒரு வளைவில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கிக் கிளட்சை விட்டதும் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், வண்டி வாய்க்கால் கரையை ஒட்டி நின்றது. ஆள் யாரும் இல்லாத வெறும் வண்டி. பின்சக்கர இழுவை வண்டி மழைக்கு ஆகாது, விற்றுவிடு என்கிறார்கள். வெளிநாட்டுப் பனிச்சாலை வீடியோக்களில் பின்னால் மணல் மூட்டை வைக்கிறார்கள், டயர்க் காற்றைக் குறைக்கிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா? தை வரை எப்படி ஓட்டுவது?”

விற்க வேண்டியதில்லை. நடந்ததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டயருக்குச் சாலையோடு உள்ள பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. வளைவில் வண்டி பக்கவாட்டில் நழுவாமல் தாங்குவதற்கும், வண்டியைத் தள்ளுவதற்கும், வேகத்தைக் குறைப்பதற்கும் அந்த ஒரே பிடிப்புத்தான் பங்கிடப்படுகிறது. பின்சக்கர இழுவை வண்டியில் எஞ்சினின் தள்ளலும், கியரை இறக்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்தும் விசையும் பின்சக்கரங்களின் மேல் மட்டுமே விழுகின்றன. நீங்கள் வளைவுக்குள் இரண்டாம் கியருக்கு இறக்கிக் கிளட்சைச் சட்டென்று விட்டபோது, பின்டயர்களை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்ததற்கு ஒப்பாயிற்று. பக்கவாட்டைத் தாங்கப் பிடிப்பு மிச்சமில்லை. பொலிரோவின் பின்பக்கத்தில் இருப்பது பாரம் சுமப்பதற்கான கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) என்பதால், வெறும் வண்டியில் அது இறுக்கமாக நின்று, மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் துள்ளவும் விடுகிறது.

ஆகவே, வேகத்தைக் குறைப்பதும் கியரை இறக்குவதும் வளைவு தொடங்கும் முன்பு, வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரில் காலை ஒரே சீராக வைத்திருங்கள்; ஸ்டீயரிங் நேரான பிறகே அழுத்துங்கள். அப்படியும் பின்பக்கம் இழுத்தால், கியர் இறக்கியதால் இழுத்ததென்றால் கிளட்சை மிதியுங்கள்; ஆக்சிலரேட்டரால் இழுத்ததென்றால் காலை மெதுவாக எடுங்கள். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, வண்டி நேராகத் தொடங்கியதும் உடனே திருப்பத்தைக் குறைத்துவிட வேண்டும். இதில் தாமதித்தால் வண்டி மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும். இருபுறமும் வாய்க்கால் ஓடும் நம் சாலைகளில் முதல் இழுப்பைவிட இந்த இரண்டாவது வீச்சுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியென்றால் அந்த நேரத்தில் பிரேக்கை முழுவதுமாக மிதிக்கவே கூடாது. நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான்.

அடுத்தது டயர். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று பொருள். அது சட்டத்தின் கடைசி எல்லை. ஆனால் மழைநீரை வெளியேற்ற அந்த ஆழம் போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த டயரோடு அடைமழைக் காலத்தைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும், வயதான டயரின் ரப்பர் இறுகி ஈரத்தில் பிடிப்பை இழந்திருக்கும். இரண்டு டயர்கள் மட்டும் வாங்க முடிந்தால் அவற்றைப் பின்பக்கம் மாட்டுங்கள். கடைகளில் முன்னால் மாட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முன்டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்புத் திரும்பிவிடும். பின்டயர் முன்னறிவிப்பே தராது.

காற்றைக் குறைக்கும் வழக்கம் ஆழ்ந்த மணலிலும் பனியிலும் ஊர்ந்து போவதற்கானது. நீர் நிற்கும் தார்ச் சாலையில் காற்றுக் குறைந்த டயரை நீர் எளிதில் தூக்கிவிடும்; எனவே வண்டி நிறுவனம் சொன்ன அளவையே, டயர் சூடேறும் முன் பார்த்து வையுங்கள். மணல் மூட்டை ஓரளவு உதவும், ஆனால் பின் அச்சுக்கு நேர்மேலே, அசையாமல் கட்டியிருந்தால்தான். பின்கதவை ஒட்டி அடுக்கினால் வால் கனத்து, இழுக்கத் தொடங்கிய வண்டியைத் திருப்புவது கடினமாகும். நல்ல டயர் இருந்தால் மூட்டை வேண்டாம்.

மழை விட்டதும் ஆபத்து விலகிவிடுவதில்லை. வயலிலிருந்து ஏறும் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) டிராக்டர் களிமண்ணைச் சாலையில் அப்பிவிட்டுப் போகிறது. தை மாதச் சம்பா அறுவடையில் வைக்கோலும், சாலையில் காயப்போட்ட நெல்லும் சேர்கின்றன. விடியற்காலைப் பனி அவற்றை நனைத்துவிடுவதால், மழையே பெய்யாத நாளிலும் காலை எட்டு மணி வரை சாலை வழுக்கும். அத்தகைய இடத்தைத் தொலைவிலேயே கண்டு, வேகத்தைக் குறைத்து, அதன் மேல் போகும்போது பிரேக்கோ, ஆக்சிலரேட்டரோ, திருப்பமோ இல்லாமல் கடந்துவிடுங்கள். மூடுபனியில் விளக்கைத் தாழ்வாக வையுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரை ஓடும்போது போட்டால், நீங்கள் திரும்புவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

எதிரே பேருந்து வந்து இடது சக்கரங்கள் கரையோரக் களியில் இறங்கிவிட்டால், ஆக்சிலரேட்டரை அழுத்தி உடனே மேலேற முயலாதீர்கள். வேகம் தணிந்த பின் மெல்லத் திருப்பி ஏறுங்கள். சிக்கிக்கொண்டால், சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம்தான் ஆழமாகும். பின்சக்கரங்களின் முன்னால் களியைச் சற்று வழித்துவிட்டு, சாக்கையோ வைக்கோலையோ சக்கரத்துக்கு அடியில் நெருக்கித் திணித்து, இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு நகர்த்துங்கள். தள்ள வருபவர்களைப் பின்சக்கரத்துக்கு நேரே நிற்க விடாதீர்கள். சாக்கு அந்தப் பக்கம்தான் வீசியெறியப்படும்.