அரசு இல்லாத இடத்தில் ஆள்வது யார்? அரசின்மைவாதம் பற்றிய கேள்வி பதில்

காரைக்குடியில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இம்முறை அரசின்மைவாதத்தை (அனார்கிசத்தை) பேசுபொருளாக எடுத்துக்கொண்டோம். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நேரில் பேசி முடிக்க நேரம் போதவில்லை. ஆகவே உறுப்பினர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஐயா, அனார்கிசம் என்பதை அராஜகம் என்றுதானே மொழிபெயர்க்கிறார்கள்? அராஜகத்தை விரும்பும் ஒரு கொள்கை எப்படி இருக்க முடியும்? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

நாம் அன்றாடம் சொல்லும் அராஜகம் என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது, தங்கையே. பேருந்தில் ஒருவர் வரிசையை மீறி முண்டியடித்து ஏறினால் அராஜகம் என்கிறோம். காவலர் ஒருவர் அளவு மீறி லத்தியைச் சுழற்றினாலும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். ஆட்சி இல்லாமைக்கும் ஆட்சியின் அத்துமீறலுக்கும் நம்மிடம் ஒரே பெயர் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நெல்லும் உயிரன்று, நீரும் உயிரன்று, மன்னனே உலகத்தின் உயிர் என்று பாடிய மரபு நம்முடையது. மன்னன் இல்லாவிட்டால் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் என்று வடமொழி நூல்களும் எச்சரித்தன. அந்த அச்சத்திலிருந்து பிறந்த சொல்தான் அராஜகம்.

அனார்கிசம் என்பதன் கிரேக்க மூலச் சொல்லுக்குத் தலைவன் இல்லாத நிலை என்பது பொருள். 1840-இல் பிரான்சின் பியர் ஜோசப் புரூதோன் அந்த வசைச்சொல்லையே எடுத்துத் தம் கொள்கைக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார். ஒழுங்கு வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்த ஒழுங்கு மேலிருந்து கட்டளையாக இறங்க வேண்டுமா, சமமானவர்கள் கூடிச் செய்துகொள்ளும் உடன்படிக்கையாக எழ வேண்டுமா என்பதே அவருடைய கேள்வி. அதனால்தான் நான் அரசின்மைவாதம் என்று எழுதுகிறேன். அரசை மட்டுமன்றி, நியாயம் காட்ட முடியாத எந்த அதிகாரத்தையும், முதலாளியுடையதாயினும் குருமாருடையதாயினும், அது கேள்விக்கு உட்படுத்துகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரைப் பற்றிய கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

'சொத்து என்பது திருட்டு' என்று புரூதோன் சொன்னதாகக் கூட்டத்தில் குறிப்பிட்டீர்கள். எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்று, நிலம் வாங்கி, பின்பு அனைத்தையும் இழந்து கப்பலேறி வந்தவர். அவர் திருடினார் என்றா அந்த மனிதர் சொல்லுவார்? (வணிகர், தேவகோட்டை)

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, அண்ணே. அந்த வாக்கியம் புரூதோனின் 1840-ஆம் ஆண்டு நூலில் வருவது. ஆனால் அதை மட்டும் பிடுங்கி எடுத்துப் பார்த்தால் அவர் கருத்து தவறாகவே விளங்கும். பெசான்சோனில் எளிய குடும்பத்தில் பிறந்து அச்சகத்தில் எழுத்துக் கோத்து வாழ்ந்தவர் அவர். உழுபவனின் நிலத்தையும், நெய்பவனின் தறியையும், குடியிருப்பவனின் வீட்டையும் அவர் 'அனுபோகம்' என்று தனியே பிரித்து, அதற்கு முழுப் பாதுகாப்பு வேண்டும் என்றார். தான் உழைக்காத நிலத்திலிருந்து குத்தகை வாரமாகவும், தான் குடியிராத வீட்டிலிருந்து வாடகையாகவும், கடனிலிருந்து வட்டியாகவும் வருவதைத்தான் அவர் திருட்டு என்றார்.

பர்மாவின் கணக்கை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அங்கே நிலம் தேடிப் போனவர்கள் அல்லர். நெல் விளைவிக்கக் கடன் கொடுக்கப் போனவர்கள். 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கைக்கு வந்திருந்த நிலம் சுமார் 6 விழுக்காடுதான். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் அடமானத்தில் மூழ்கியது. 1938-க்குள் அது சுமார் 25 விழுக்காடாகியது. பணமாகவே திரும்ப வேண்டிய முதல், வேண்டாத நிலமாக வந்து சேர்ந்தது என்பதே அன்றைய மேலாட்களின், அதாவது அங்கே கடையை நடத்திய முகவர்களின், புலம்பல். பழைய பேரேடு ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பூச்சி அரித்த ஓரங்களுக்கு நடுவே வரவு, பற்று, வட்டி எல்லாம் அணா பைசா பிசகாமல் நிற்கின்றன. அந்த வயலில் நாற்று நட்ட பர்மியக் குடும்பத்தின் பெயர் ஒரே ஒரு வரியில், கடன்காரர் என்ற இடத்தில் மட்டும் வருகிறது. புரூதோன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி உங்கள் ஐயாவின் நேர்மையைப் பற்றியதாக இராது. அந்தப் பேரேட்டின் அமைப்பைப் பற்றியதாகவே இருக்கும். சட்டப்படி ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும், நட்டவனிடமிருந்து நிலம் போய்விடுகிறதே என்பதுதான் அது. பின்பு 1948-இல் பர்மிய அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியதையும் அவர் தீர்வாக ஏற்றிருக்க மாட்டார். உழவனின் தலைமேல் ஒரு புதிய உடைமையாளன் வந்தான் என்றே கருதியிருப்பார்.

கொடுக்கல் வாங்கலில் தோய்ந்த நம் ஊருக்குச் சொல்லியே ஆக வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. உழைப்பாளர்கள் ஒருவருக்கொருவர் ஏறத்தாழ வட்டியின்றிக் கடன் கொடுத்துக்கொள்ளும் மக்கள் வங்கி ஒன்றை 1849 தொடக்கத்தில் புரூதோன் பாரிசில் பதிவு செய்தார். அன்றைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியனைத் தாக்கி எழுதியதற்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதால், முறையாகச் செயல்படத் தொடங்கும் முன்னரே அது மூடப்பட்டது. அது நடந்திருந்தால் நிலைத்திருக்குமா என்பதை நம் வட்டிக்கடைப் பெட்டியடிகளில் வளர்ந்தவர்கள் வேறு யாரையும் விட நன்றாக விவாதிக்க முடியும்.

மார்க்சியத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? (ஆசிரியர், திருப்பத்தூர்)

சுருக்கமாகச் சொல்கிறேன். வர்க்கங்களற்ற, அரசற்ற சமூகமே முடிவான இலக்கு என்பதில் இரு தரப்பினரும் ஒன்றுபட்டார்கள். அங்கே போய்ச் சேர அரசு அதிகாரத்தைத் தொழிலாளி வர்க்கம் கைப்பற்ற வேண்டும் என்றார் மார்க்ஸ். கைப்பற்றியவர்கள் புதிய ஆளும் கூட்டமாகிவிடுவார்கள் என்றார் ரஷ்ய அரசின்மைவாதி மிகயீல் பக்கூனின். 1872-இல் ஹேக் மாநாட்டில் பக்கூனின் முதலாம் அகிலம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1921 மார்ச்சில், ரஷ்யப் புரட்சியின் பெருமை என்று கொண்டாடப்பட்டு, பின்பு புதிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த கிரான்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகளை, அந்த ஆட்சியின் செஞ்சேனை பனியுறைந்த கடல்மீது நடந்துசென்று அடக்கியபோது, அந்த எச்சரிக்கையைப் பலர் நினைத்துப் பார்த்தார்கள்.

குண்டு வீசுகிறவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு எப்படி வந்தது? அது பொய்யா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கானாடுகாத்தான்)

முழுப் பொய் இல்லை, ஆச்சி. 1894-இல் பிரெஞ்சு அதிபர் கார்னோ, 1898-இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், 1900-இல் இத்தாலிய மன்னர் உம்பெர்த்தோ, 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லி ஆகியோரைக் கொன்றவர்கள் அரசின்மைவாதிகளாகத் தம்மை அறிவித்துக்கொண்டவர்கள். செயலே பரப்புரை என்ற அந்தப் போக்கு, ஒருவரைக் கொன்றால் ஒரு நிறுவனம் விழும் என்ற பிழையான நம்பிக்கையில் எழுந்தது. மன்னர் இறந்தார், மன்னராட்சி இருந்தது, தொழிலாளர் அமைப்புகள் மேல் அடக்குமுறைதான் இறங்கியது. அதை நான் எவ்விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் அந்தப் பெயரை உலகெங்கும் பரப்பிய சிக்காகோ நிகழ்ச்சியை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1886 மே 4, இரவு பத்து மணி கடந்துவிட்டது. 8 மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது முந்தைய நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்துக் கூட்டம். மழை வரும்போல் இருந்ததால் பெரும்பாலோர் கலைந்துவிட்டார்கள். மிஞ்சிய சில நூறு பேர் ஒரு பார வண்டியைச் சுற்றி நிற்க, சாமுவேல் ஃபீல்டன் அதன்மேல் ஏறிப் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் ஏறத்தாழ 180 காவலர்கள் அணிவகுத்து வந்து கலையச் சொன்னார்கள். அமைதியான கூட்டம்தானே என்று ஃபீல்டன் மறுமொழி சொன்னார். இருட்டிலிருந்து ஒரு குண்டு வந்து காவலர்கள் நடுவே விழுந்தது. எறிந்தவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. இருந்தும் அரசின்மைவாதிகள் எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள்; ஒருவர் முதல் நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரை 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நேர்மையற்றது என்று எழுதி விடுதலை செய்தார். அந்த நால்வரின் நினைவில்தான் மே தினம் வேர்கொண்டது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொடியேற்றிய மே தினத்துக்கும் வேர் அந்தப் பார வண்டியின் அருகில்தான் இருக்கிறது.

நம் நாட்டுக்கும் அந்தப் பெயர் வந்தது. ரௌலட் சட்டம் என்று நாம் படிப்பதன் முறையான பெயரிலேயே 'அராஜக, புரட்சிக் குற்றங்கள்' என்ற சொற்கள் உள்ளன. விடுதலை கேட்டவர்களை வெள்ளையர் அரசு அந்தப் பெயரால்தான் அடைத்தது.

நடைமுறையில் இது எங்காவது நடந்ததா, அல்லது வெறும் கனவா? (இளம் பொறியாளர், பள்ளத்தூர்)

நடந்தது, குறுகிய காலம். 1910-இல் ஸ்பெயினின் பார்சலோனாவில் உருவான சி.என்.டி. என்ற அரசின்மைவாதத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1919-இல் மின்சார நிறுவனம் ஒன்றில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை 44 நாட்கள் நடத்தியது. நகரம் இருண்டது, போராட்டத்துக்கு எதிரான அறிவிப்புகளை அச்சுத் தொழிலாளர்கள் கோக்க மறுத்தார்கள். அவ்வாண்டே ஸ்பெயின் அரசு 8 மணி நேர வேலை நாளை ஆணையாக வெளியிட்டது. 1936 ஜூலையில் குடியரசு அரசுக்கு எதிராக இராணுவம் கிளர்ந்தெழுந்தபோது அதைப் பார்சலோனாத் தெருக்களில் முறியடித்தவர்களில் முன்னின்றவர்கள் இந்தச் சங்கத்தார். சில நாட்களுக்குள் டிராம் வண்டிகள் சிவப்பும் கறுப்புமாக வண்ணம் பூசப்பட்டு ஓடின. நடத்தியவர்கள் ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும் தேர்ந்தெடுத்த குழுவினர். அரகோன் சிற்றூர்களில் நிலத்தைப் பொதுவாக்கி உழுதார்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. குடியரசின் வசமிருந்த பகுதியில் ஏறத்தாழ 6,800 குருமார்களும் துறவியரும் கொல்லப்பட்டார்கள். அதில் அரசின்மைவாதிகள் பலருக்குப் பங்கு உண்டு. கூட்டுப் பண்ணையில் சேர விரும்பாத சிறு உழவர்கள் சில இடங்களில் வற்புறுத்தப்பட்டார்கள். 1936 நவம்பரில் நால்வர் அமைச்சர் பதவியும் ஏற்றார்கள். அரசே கூடாது என்றவர்கள் அரசில் அமர்ந்த அந்த நாளைப் பற்றி அவர்களுக்குள்ளேயே இன்றும் வழக்கு தீரவில்லை. கிளர்ந்த இராணுவத்தின் தலைவர் பிராங்கோவின் படைகள் இத்தாலி, ஜெர்மனியின் துணையோடு முன்னேற, 1937 மே மாதம் குடியரசுத் தரப்பினர் தமக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். 1939-இல் எல்லாம் முடிந்தது.

எங்கள் ஊரில் கண்மாய், ஊரணி, கோயில் அனைத்தையும் அரசு இல்லாமலே நடத்தினார்கள். அதுவும் அரசின்மைவாதம்தானே? (விவசாயி, குன்றக்குடி அருகிலிருந்து)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரஷ்ய இளவரசராகப் பிறந்து பட்டத்தைத் துறந்த குரோப்போட்கின் சைபீரியாவில் நில ஆய்வு செய்தபோது, கடும் குளிரில் விலங்குகள் ஒன்றையொன்று அடித்து வீழ்த்துவதைவிட ஒன்றுக்கொன்று துணை நிற்பதையே அதிகம் கண்டார். பரஸ்பர உதவி பற்றி 1902-இல் அவர் வெளியிட்ட நூலில் ஊர்ப் பொது நிலங்கள், கைவினைஞர் சங்கங்கள், கடலில் தவிப்போரை மீட்கும் தன்னார்வலர்கள் எனச் சான்று அடுக்கினார். நம் குடிமராமத்தை அவர் பார்த்திருந்தால் ஓர் அத்தியாயம் கூட்டியிருப்பார் என்றே நம்புகிறேன். நான் சிறுவனாயிருந்தபோது, கலுங்கில் தண்ணீர் தொட்டதும் ஊரே மண்வெட்டியோடு கரைக்கு ஓடும். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது என்பதை நீர்ப்பாய்ச்சி ஒருவரே பார்த்துக்கொள்வார். எந்த அலுவலரும் வந்ததில்லை.

ஆனால் அந்த நீர்ப்பாய்ச்சிக்குக் கண்மாய்க் கீழே ஒரு குழி நிலம்கூட இல்லை. ஊர்க்கூட்டத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததும் இல்லை. நாம் இன்று இருக்கும் இதே மண், அன்றைய இராமநாதபுரம் மாவட்டம், 1930 டிசம்பரில் கண்டதை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆதிதிராவிட மக்கள் தங்கம் வெள்ளி அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே ஆடை கட்டக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்று எட்டுத் தடைகளை ஆதிக்கச் சாதியினர் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. அரசு தொலைவில் இருந்த இடத்தில் ஆட்சி மிக நெருக்கமாக, உடுத்தும் துணிவரை வந்து நின்றது.

ஆகவே என் பதில் இது: உங்கள் கண்மாய் காட்டுவது, கட்டளை இல்லாமல் மக்கள் சிக்கலான வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதை. அரசின்மைவாதம் என்று அதை அழைக்க வேண்டுமானால், நீர்ப்பாய்ச்சி கூட்டத்தில் உட்கார்ந்து, சமமாகப் பேசி, சமமாகப் பங்கு பெற்றிருக்க வேண்டும்.

காந்தியும் தம்மை அப்படி அழைத்துக்கொண்டாராமே? (ஆசிரியை, புதுவயல்)

ஆம். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில், தாமும் ஒரு அனார்கிஸ்ட், ஆனால் வேறு வகையினர் என்றார். தனிமனித ஒழுக்கத்தால் ஆளப்படும் கிராமங்கள் அவர் கண்ட கனவு. அந்தக் கிராமத்தைக் குறுகிய மனத்தின் குழி என்று 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர் அம்பேத்கர். முந்தைய பதிலில் வந்த எட்டுத் தடைகளை நினைத்தால் அவர் சினம் விளங்கும். அரசமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது சட்ட மறுப்பும் சத்தியாகிரகமும் அராஜகத்தின் இலக்கணமே ஆகும் என்று 1949 நவம்பரில் எச்சரித்தவரும் அவரே. இந்த இடத்தில் நான் அம்பேத்கர் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்கிறேன்.

தமிழர் யாரேனும் இந்த இயக்கத்தில் இருந்தார்களா? (கல்லூரி மாணவர், கோவிலூர்)

இருந்தார், தம்பி. எம்.பி.டி. ஆச்சார்யா 1887-இல் சென்னையில் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழ் புதுச்சேரிக்குப் போனபோது அதில் உழைத்தவர். பின்பு இலண்டன், பெர்லின், காபூல் என அலைந்து, 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக அமர்ந்தார். அக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான எம்.என். ராயோடும் மாஸ்கோவின் கட்டளைகளோடும் ஒத்துப்போக முடியாமல் வெளியேறி, 1922-இல் பெர்லினில் அரசின்மைத் தொழிற்சங்கவாதிகளோடு சேர்ந்தார். அதன்பின் அவர் நிலைப்பாடு மாறவே இல்லை. 1935-இல் பம்பாய் திரும்பி, ரஷ்ய ஓவியரான மனைவி மாக்தா நாக்மனோடு வாழ்ந்தார். விடுதலைக்குப் பிறகும், வெள்ளையர் அரசின் இடத்தில் இந்திய அரசு வந்தால் போதுமா என்று அயல்நாட்டு இதழ்களில் எழுதிக்கொண்டே இருந்தார். 1951-இல் மாக்தா இறந்தார். 1954 மார்ச்சில் ஆச்சார்யாவும் பம்பாயில் வறுமையிலேயே இறந்தார். அவர் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் கிடக்கிறது. உங்கள் வயதில் ஒருவர் அவற்றைத் தேடித் தமிழாக்கத் தொடங்கினால், அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பக்கத்தை நானே உடனிருந்து திருத்தித் தருகிறேன்.