லென்ஸ் பெயர் தப்பாக வருகிறதா? கேள்வி-பதில்

கே: படம் திருத்தும் என் மென்பொருள், எந்த லென்ஸில் எடுத்த படம் என்று கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

எந்த கேமரா, எந்த மென்பொருள், ராவா (சென்சார் தந்த தகவல் அப்படியே இருக்கும் கோப்பு), ஜேபெக்கா (கேமராவே படமாக்கித் தரும் கோப்பு)? இந்த மூன்றும் இல்லாமல் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கே: அடோபியின் லைட்ரூமில் லென்ஸ் பட்டியல் காலியாக இருக்கிறது. கீழே மட்டும் உள்ளமைந்த ப்ரொஃபைல் (லென்ஸின் வளைவு போன்ற குறைகளைச் சரிசெய்யும் அளவுகள்) போடப்பட்டது என்று வருகிறது.

திருத்தத் தகவலை கேமராவே ரா கோப்புக்குள் வைத்து அனுப்பியிருக்கிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கேமராக்களில் இது வழக்கம். விட்டுவிடுங்கள்.

கே: கேனான் பாடியில் சிக்மா லென்ஸ் மாட்டி, ராவில் எடுக்கிறேன். டார்க்டேபிள் மென்பொருள் வேறொரு லென்ஸின் பெயரைக் காட்டுகிறது. படத்தைப் பார்த்துக்கூடவா தெரியாது?

மூன்று விவரமும் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அந்தக் கடைசி வரி! தானாகக் கண்டறிதல் என்று பெயர் வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும். மென்பொருள் படத்தைப் பார்ப்பதே இல்லை ஐயா. கேமரா எழுதிவைத்த எண்ணைப் படித்து, தன் பட்டியலில் அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்று தேடுகிறது, அவ்வளவுதான். லென்ஸ் பெயரை எழுத்தாக எழுத எக்ஸிஃபில் (படக் கோப்புக்குள் கேமரா எழுதும் விவரக்குறிப்பு) பொதுவான இடம் வந்ததே 2010இல், 2.3 பதிப்பில். அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் மேக்கர்நோட்டில், அதாவது எக்ஸிஃபில் கம்பெனிக்கென்று விட்ட பகுதியில், தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. கேனான் மவுண்டுக்கு லென்ஸ் செய்த வெளிக் கம்பெனிகள் ஏற்கெனவே இருந்த எண்களையே போட்டுக்கொண்டன. 137 என்ற ஒரே எண்ணில் மட்டும் சிக்மா, டாம்ரான் என்று பத்துக்கு மேல் லென்ஸ்கள் உட்கார்ந்திருக்கின்றன. குவியநீளத்தையும் அப்பெர்ச்சரையும் வைத்துக் கொஞ்சம் வடிகட்டலாம். அதிலும் இரண்டு ஒத்துப்போனால் குருட்டாம்போக்குதான். எக்ஸிஃபைப் படித்துக் காட்டும் எக்ஸிஃப்டூல் என்ற கருவி இந்த விஷயத்தில் நேர்மை: சந்தேகம் வந்தால் இதுவா, அதுவா என்று எல்லாப் பெயரையும் அடுக்கிவிடும். முதலில் அதில் கோப்பைத் திறந்து எண்ணைப் பாருங்கள். அப்புறம், டார்க்டேபிள் இந்த விவரங்களைப் படிக்கப் பயன்படுத்தும் எக்ஸிவ்2 நிரலின் அமைப்புக் கோப்பில் கேனான் தலைப்பின் கீழே அந்த எண்ணையும், அதற்கு நேராக உங்கள் லென்ஸ் பெயரையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஒரே எண்ணில் இரண்டு லென்ஸ் வைத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. கையால்தான் மாற்ற வேண்டும்.

கே: நண்பர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தில் லென்ஸ் விவரமே இல்லை.

போட்டோவாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை முறைதான் எழுதுவது!

கே: ராவுக்கு ப்ரொஃபைல் வருகிறது, அதே படத்தின் ஜேபெக்குக்கு வரவில்லை.

அடோபியின் பெரும்பாலான ப்ரொஃபைல்கள் ராவை வைத்துச் செய்தவை, ஜேபெக்குக்குக் காட்டாது. அதுவும் நல்லதற்குத்தான். பல கேமராக்கள் ஜேபெக்கை எழுதும்போதே திருத்திவிடுகின்றன. அதன்மேல் இன்னொரு முறை திருத்தினால், பீப்பாய் போல வெளியே வளைந்த கோடு இப்போது உள்பக்கம் வளையும். சட்டத்தின் ஓரத்தில் வரும் கதவு நிலையைப் பாருங்கள், தெரியும்.

கே: அடாப்டரில் பழைய மேனுவல் லென்ஸ். குவியநீளம் 0, அப்பெர்ச்சர் 0 என்கிறது.

மின்தொடர்பு இல்லாத லென்ஸ், கேமராவுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. லைட்ரூமில் கம்பெனியையும் மாடலையும் கையால் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதை டிஃபால்ட்டாகச் சேமிக்காதீர்கள். இன்னொரு மேனுவல் லென்ஸும் அதே 0தான் எழுதும். அந்தப் படங்களுக்கும் இந்தத் திருத்தமே விழும். பாடிக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், மெனுவில் சரியான குவியநீளத்தையும் கொடுத்துவிடுங்கள்.

கே: ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) ப்ரொஃபைலை கிராப் (சிறிய சென்சார்) பாடிப் படத்துக்குப் போடலாமா?

தாராளமாக. ஆனால் கிராப் ப்ரொஃபைலை ஃபுல் ஃப்ரேம் படத்துக்குப் போட முடியாது. கிராப் சென்சாரில் அளந்தவருக்கு லென்ஸின் ஓரம் எப்படி வளைகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.