புது ஃப்ளீட் மென்பொருளை மெக்கானிக்குகள் மனதார ஏற்றுக்கொள்ள என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: நிறுவன வண்டிகளின் பராமரிப்பை ஒரு மென்பொருளுக்கு மாற்றியிருக்கிறார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் தொடுவதில்லை. இன்னொரு முறை பயிற்சி வகுப்பு வைத்தால் சரியாகுமா என்று கேட்கிறார்.

ஆகாது. நான் மெக்கானிக்காகத் தொடங்கி, பிறகு ஒர்க்‌ஷாப் பொறுப்பையும் பார்த்தவன். சொந்த போனில் பணம் அனுப்பி, டிக்கெட் போட்டு, வீடியோ எடுக்கிற ஆளுக்கு, வண்டிக்குச் செய்யும் வேலையை எழுதுகிற ஜாப் கார்டைத் திறந்து மூடத் தெரியாமல் போகாது. அவருக்கு மனம் வராததற்குக் காரணம் வேறு. பதிவு செய்கிற வேலை அவர் தலையில் விழுகிறது, ரிப்போர்ட் பார்த்து மகிழ்வது வேறு யாரோ. அதைவிடப் பெரிய காரணம், 'ஆரம்பம்', 'முடிந்தது' என்ற இரண்டு பட்டன்கள். அதைப் பார்த்ததுமே "சரி, நம்மை வேவு பார்க்கத்தான் இது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

பிரேக் லைனிங் மாற்றும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த போல்ட் ஒன்று உடைந்து உள்ளே நின்றுவிடுகிறது. எடுத்து முடித்தால் ஸ்டோரில் பாகம் இல்லை. பாகம் வந்தால் செலவுக்கு ஒப்புதல் வரவில்லை. வண்டி நாள் முழுக்க நிற்கிறது, திரையில் தெரிவதோ மெக்கானிக்கின் பெயரும் எட்டு மணி நேரமும் மட்டும். இதற்கு நான் பார்த்த நல்ல மருந்து, நிலைகளைப் பிரிப்பது. 'பாகத்துக்காகக் காத்திருப்பு', 'ஒப்புதலுக்காகக் காத்திருப்பு', 'கூடுதல் பழுது கண்டது' என்று தனித்தனியாக வைத்து, ஒரே தட்டலில் மாற்றும்படி செய்யுங்கள். தாமதம் ஸ்டோரிலா, அலுவலக மேசையிலா என்று திரையே காட்ட ஆரம்பித்ததும், பட்டனை அழுத்தச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

இதோடு, நேரக் கணக்கை எதற்கெல்லாம் பயன்படுத்த மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுக்க வேண்டும். யார் வேகம், யார் மெதுவு என்று பட்டியல் போட்டு ஒரே ஒரு முறை சுவரில் ஒட்டினால் போதும். மறுநாளிலிருந்து எல்லா வேலையும் அதற்கு ஒதுக்கிய நேரத்திலேயே துல்லியமாக முடிந்ததாகப் பதிவாகும். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, கேட்பதற்கு முன் கொடுங்கள். மெக்கானிக்குக்கு உண்மையாகவே உதவுவது வண்டியின் பழைய கதை. ஒரு வண்டியில் பேட்டரி அடிக்கடி இறங்குகிறது. ஒரு ஷிப்டில் சார்ஜ் ஏற்றுகிறார்கள், இன்னொரு ஷிப்டில் பேட்டரியையே மாற்றுகிறார்கள், வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை யாரும் சோதிக்கவில்லை. முந்தைய பதிவுகள் வரிசையாகக் கண்ணில் பட்டால் மூன்றாவது ஆள் நேராக அங்கே கை வைப்பார். மாட்டிய தேதியும் கிலோமீட்டரும் இருந்தால், சீக்கிரமே பழுதான பாகத்துக்கு வாரண்டியும் கேட்கலாம். அதனால் முதல் நாளுக்கு முன்பே, அடிக்கடி உள்ளே வரும் வண்டிகளின் பழைய ஜாப் கார்டுகளையாவது ஏற்றிவிடுங்கள். காலியான மென்பொருளைக் கையில் கொடுத்து "நிரப்புங்கள்" என்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பழுதுக் குறியீடுகள் இன்னொரு தலைவலி. கனரக வண்டிகளுக்கு விஎம்ஆர்எஸ் என்ற குறியீட்டு முறை 1970-லிருந்து இருக்கிறது, அமெரிக்க லாரித் துறை உருவாக்கியது. மும்மூன்று இலக்கமாக அமைப்பு, அதன் பிரிவு, பாகம் என்று ஒன்பது இலக்கம். 013 என்றால் பிரேக், 017 என்றால் டயர். நல்ல முறைதான். ஆனால் கிரீஸ் கையோடு நிற்கிறவரை ஒன்பது இலக்கத்தையும் தேட வைத்தால், எல்லாப் பழுதும் 'மற்றவை'யில் போய் விழும். முதல் மூன்றை மெக்கானிக் தேர்ந்தெடுக்கட்டும், மீதியை சூப்பர்வைசர் வண்டியை வெளியே விடும்போது நிரப்பட்டும். பட்டியலில் பாகங்களின் பெயர் ஒர்க்‌ஷாப்பில் கூப்பிடுகிற பெயராகவே இருக்கட்டும்.

சாதாரண டச் ஸ்கிரீன் பல கையுறைகளுக்கு வேலை செய்யாது, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்துக்குள் சிக்னல் இருக்காது. நெட் இல்லாமலும் பதிவாக வேண்டும். கதவோரம் ஒட்டிய க்யூஆர் கோடைக் காட்டினால் அந்த வண்டியின் கார்டு திறக்க வேண்டும். தட்டச்சுக்குப் பதில் குரலும் போட்டோவும் போதும் என்று விடுங்கள். ஓடோமீட்டரில் யாராவது ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டால் மென்பொருள் மறுக்க வேண்டும். இல்லையென்றால் நேற்று சர்வீஸ் ஆன வண்டிக்கே இன்று மறுபடி அலர்ட் வரும், அப்புறம் எந்த அலர்ட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

யாரை முன்னிறுத்துவது? கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞரைத்தான் பெரும்பாலும் பிடிப்பார்கள். என் தேர்வு, மற்றவர்கள் சிக்கிக்கொண்டால் ஓடிப்போய்க் கேட்கிற அந்த மூத்த மெக்கானிக். முணுமுணுப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. வாங்குவதற்கு முன்பே நிஜமான ஜாப் கார்டு ஒன்றைக் கொடுத்து, விற்க வந்தவர் எதிரிலேயே முழுக்கப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே திட்டுகிறாரோ அங்கே குறை இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு, "நீங்கள் சொன்னதால் மாற்றினோம்" என்று மற்றவர்கள் காதில் விழும்படி அவரிடம் சொல்லுங்கள்.

காகிதத்தையும் மென்பொருளையும் மாதக்கணக்கில் சேர்த்து ஓட்டாதீர்கள். இரட்டை வேலை என்றால் மென்பொருள்தான் கைவிடப்படும். ஒரு தேதி குறித்து, அன்று பழைய ஜாப் கார்டு புத்தகங்களை எடுத்துவிடுங்கள். சர்வர் நின்றுபோனால் எழுத சூப்பர்வைசரிடம் மட்டும் ஒன்று இருக்கட்டும். அதன் பிறகும் ஒருவர் தொடவே மாட்டேன் என்றால், அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் பதியலாம், ஆனால் பதிவு அவர் பெயரிலேயே போகட்டும். வாரண்டி கேட்கும்போதோ, செய்த வேலையைப் பற்றிக் கேள்வி வரும்போதோ அவரே வந்து அந்தப் பதிவைத் தேடுவார்.