வான்கோழியின் நெஞ்சுக்கறி ஏன் சக்கையாகிறது?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். போன வருடம் தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்கப் பண்டிகைக்கு முழு வான்கோழியை ஓவனில் வைத்தேன். நெஞ்சுக்கறி சக்கையாகிவிட்டது, மிச்சத்தைத் தொட ஆளில்லை. இந்த முறை மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். 14 பவுண்டு வான்கோழி ஃப்ரீசரில் இருக்கிறது. எப்படிச் சமைக்கலாம்? மிச்சத்தை என்ன செய்யலாம்?

பதில்: கவலைப்படாதீர்கள் சகோதரி, இது எல்லோருக்கும் நடப்பதுதான். வான்கோழியில் நெஞ்சுக்கறிக்குக் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். தொடைக்கறி மெதுவாக வேகும். தொடை வேகட்டும் என்று காத்திருக்கும்போதுதான் நெஞ்சு காய்ந்துபோகிறது. அதனால் முதலில் ஒரு இறைச்சி தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். மசாலாவைவிட அதுதான் முக்கியம்.

பண்டிகை வியாழக்கிழமை. ஞாயிறு காலையிலேயே வான்கோழியை ஒரு தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் அடித்தட்டுக்கு மாற்றுங்கள். நாலைந்து பவுண்டு உருக ஒரு நாள் பிடிக்கும். உருகியதும் உள்ளே ஈரலும் கழுத்தும் வைத்திருக்கும் பையை எடுத்துவிடுங்கள். நம் வீட்டு வழக்கப்படி மஞ்சள் போட்டுக் கழுவத் தோன்றும், வேண்டாம். தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் சிங்க் முழுக்கப் பரவும். காகிதத் துண்டால் ஒற்றினால் போதும்.

புதன் காலை மூன்று மேசைக்கரண்டி கோஷர் உப்பை (பெரிய துகளாக இருக்கும் உப்பு) தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். தூள் உப்பானால் அதில் பாதி. உப்பு உள்ளே இறங்கும், தோலும் உலர்ந்து மொறுமொறுப்பாகும். ஆனால் உறையை ஒரு முறை படித்துப் பாருங்கள். உப்புக் கரைசல் ஏற்றிய வான்கோழி என்று போட்டிருந்தால் இந்த உப்பே வேண்டாம். தயிர் மசாலா பூசினால் தோல் மொறுமொறுப்பாகாது, சீக்கிரம் கருகியும் போகும். வெண்ணெயில் இடித்த மிளகும் பூண்டும் கலந்து தோலுக்கு அடியில் தடவுங்கள், அந்த மணமே போதும்.

ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த எடைக்குச் சுமார் மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டரை மணி நேரத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். நெஞ்சு சிவந்ததும் அதை மட்டும் அலுமினியத் தாளால் மூடுங்கள். நெஞ்சின் தடித்த இடத்திலும், தொடையும் இறக்கையும் உடலோடு சேரும் உட்பகுதியிலும் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்திப் பாருங்கள், எலும்பில் படக்கூடாது. எல்லா இடத்திலும் 165 காட்டினால் உடனே வெளியே எடுங்கள். கறி லேசாக இளஞ்சிவப்பாக இருந்தாலும் பயமில்லை. அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு வெட்டுங்கள்.

சரி, மிச்சம். விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மணி நேரத்துக்குள், கறியை எலும்பிலிருந்து உருவி ஆழமில்லாத டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்குமேல் என்றால் ஃப்ரீசர்தான்.

எலும்பை இஞ்சி, வெங்காயம், மிளகு சேர்த்துக் குக்கரில் வேகவிட்டால் அருமையான சாறு கிடைக்கும். வெள்ளிக்கிழமை மாமனாருக்கு அதிலேயே மிளகு ரசம் வைத்துக் கொடுங்கள். நெஞ்சுக்கறியை மறுபடி ஓவனில் சூடாக்காதீர்கள், மீண்டும் சக்கைதான். பிய்த்து வைத்து, கொத்து பரோட்டாவில் சால்னா ஊற்றும் நேரத்தில் போட்டு, ஆவி பறக்கச் சூடானதும் இறக்குங்கள். தொடைக்கறி வறுவலுக்கு நன்றாகத் தாங்கும். வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூளோடு ஐந்து நிமிடம் புரட்டினால் போதும், சோற்றுக்குப் பிரமாதமாக இருக்கும்.