இளஞ்சிவப்பு அந்திமந்தாரைக்கு விதை வாங்காதீர்கள்

கேள்வி: சிவப்பு, வெள்ளை அந்திமந்தாரைகளை மகரந்தம் மாற்றிக் கலப்பு செய்தேன். வந்த செடிகள் எல்லாமே இளஞ்சிவப்பு. அவற்றின் விதையைப் போட்டால் 7 இளஞ்சிவப்பு, 5 சிவப்பு, 4 வெள்ளை! வியாபாரி ஒருவர் ‘மாறாத இளஞ்சிவப்பு விதை’ என்று கூடுதல் விலை சொல்கிறார். வாங்கலாமா? ஒரு செடியின் இலையில் வெள்ளைத் திட்டுகளும் உள்ளன.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

பூவின் நிறத்துக்கான மரபணு ஒவ்வொரு செடியிலும் இரண்டு பிரதியாக இருக்கும். இரண்டும் சிவப்புக்கானவை என்றால் பூ சிவப்பு. ஒன்று மட்டும் என்றால் நிறமி போதாமல் பூ இளஞ்சிவப்பாகிவிடும். இதைத்தான் முழுமையற்ற ஓங்குதன்மை என்கிறோம். சிவப்பும் வெள்ளையும் கரைந்து ஒன்றாகிவிடவில்லை. விதை கட்டும்போது மறுபடி பிரிந்துவிடும். பாதி இளஞ்சிவப்பு, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு வெள்ளை. உங்கள் கணக்கு அதை ஒட்டித்தான் வந்திருக்கிறது. 1:2:1 என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் பாடத்திட்டம், நாலே விதை போட்டால் ஒரு இளஞ்சிவப்புகூட வராமல் போக 16-ல் ஒரு வாய்ப்பு உண்டு என்று சொல்லித் தருவதில்லை. பிள்ளைகள் தேர்வில் தேறுகிறார்கள், தோட்டத்தில் குழம்புகிறார்கள்.

அந்த வியாபாரி விஷயத்துக்கு வருகிறேன். இப்படி உருவாகும் இளஞ்சிவப்பு, விதை வழியாக ஒருநாளும் நிலைக்காது. சிவப்பையும் வெள்ளையையும் கையால் சேர்த்த விதை என்றால் ஒரு தலைமுறை மட்டும் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஆனால் பூ விரியும் முன்பே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, வேறு செடியின் தூளைத் தடவ வேண்டும். அத்தனை பாட்டுக்கும் ஒரு பூவுக்கு ஒரே ஒரு கறுப்பு விதைதான். அதைப் பொட்டலம் பொட்டலமாக யார் செய்து தருவார்கள்? இளஞ்சிவப்புச் செடியடியில் உதிர்ந்ததைப் பொறுக்கிப் படம் ஒட்டி விற்பார்கள். கலப்பு விதையா, நிலைத்த ரகமா என்று பொட்டலத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

இலைத் திட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 1909-இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ் இதே செடியில்தான் அதைக் காட்டினார். பச்சையம் உண்டாகும் பசுங்கணிகங்கள் இங்கே தாய்வழியாக மட்டுமே விதைக்குள் போகின்றன. மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்தாலும் கவலையில்லை. விதை எந்தக் கிளையில் கட்டியது என்பதே கணக்கு. பச்சைக் கிளை விதை பச்சையாகவே வளரும். முழு வெள்ளைக் கிளை விதை முளைத்தாலும் உணவு தயாரிக்க முடியாமல் செத்துவிடும். திட்டுக் கிளை விதையில் மூன்று விதமும் வரும். பிடித்திருந்தால் திட்டுக் கிளையில் நூல் கட்டி, அதன் விதையைத் தனியே எடுங்கள்.

இளஞ்சிவப்புக்கு விதையை மறந்துவிடுங்கள். பிடித்த செடி பூக்கும்போதே அடையாளம் வைத்து, பிறகு கிழங்கைத் தோண்டி, குருத்தோடு பிரித்து நடுங்கள்.