தண்ணீர் சுத்தம், வண்டலில் காரீயம்: அள்ளி வயலுக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டிய குட்டையில் சில ஆண்டுகள் ஆலைக் கழிவுநீர் கலந்தது. இப்போது வரத்து நின்றுவிட்டது. தண்ணீரைச் சோதித்ததில் காரீயம், காட்மியம், துத்தநாகம் மூன்றும் வரம்புக்குள் இருக்கின்றன. அடிவண்டலில் மூன்றும் அதிகம் என்று முடிவு வந்திருக்கிறது. தண்ணீர் நன்றாக இருக்கும்போது வண்டல் மட்டும் எப்படிக் கெடும்? கோடையில் குட்டை வற்றியதும் வண்டலை அள்ளி நெல்லுக்கும் கீரைக்கும் போட நினைத்திருந்தோம். மாடுகளும் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன.

பதில்: வண்டலை இப்போதைக்கு அள்ள வேண்டாம். மாடுகளைக் குட்டைக்குள் இறக்கவும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்தால்தான் அடுத்து எந்தச் சோதனை தேவை, எது வீண் என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

உங்கள் கையில் இருக்கும் இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. வண்டல் வாங்கிக்கொண்டதால்தான் தண்ணீர் தெளிந்திருக்கிறது. நீரில் கரைந்த உலோக அயனிகள் களிமண், இரும்பு ஆக்சைடு, மாங்கனீசு ஆக்சைடு, மக்கு ஆகியவற்றின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பரப்புக் கவர்ச்சி என்பார்கள். துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு அதிகப் பரப்பு கிடைக்கும். நீரில் புதிதாகப் படியும் துரு போன்ற இரும்புப் படிவு ஒரு கிராமில் 200 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு இருக்கும். அதே எடை மணலில் ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. அதனால், மாதிரியைக் கரையோர மணலில் எடுத்தால் 'பாதிப்பில்லை' என்றும், நடுவில் படிந்த நைசான சேற்றில் எடுத்தால் 'ஆபத்து' என்றும் முடிவு வரும். இரண்டுமே பொய் இல்லை.

எல்லா ஒட்டுதலும் ஒரே பலம் உள்ளதல்ல. களிமண்ணின் எதிர் மின்னூட்டத்தால் வெறுமனே இழுத்து வைக்கப்பட்ட காட்மியம், பக்கத்தில் கால்சியமோ சோடியமோ நிறைய வந்தால் இடத்தை விட்டுவிடும். இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளின் பரப்பில் உள்ள ஆக்சிஜனோடு நேரடியாகப் பிணைந்த காரீயம் அப்படி எளிதில் நகராது. பொதுவாக இரும்பு ஆக்சைடுகளில் காரீயமும் தாமிரமும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகம், நிக்கல், காட்மியம் ஆகியவற்றின் பிடி தளர்வு.

இந்தப் பிடியைத் தீர்மானிப்பதில் முதல் இடம் பி.எச்-க்குத்தான் (அமில, கார நிலையைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அமிலத்தன்மை கூடும்போது ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை வெளியே தள்ளும். இது படிப்படியாக நடக்கும் மாற்றம் இல்லை என்பதை விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எச் ஒன்று அல்லது இரண்டு அலகு உயர்வதற்குள், ஏறக்குறைய எதுவுமே ஒட்டாத நிலையிலிருந்து ஏறக்குறைய எல்லாமே ஒட்டும் நிலைக்குப் போய்விடும். இரும்புப் படிவில் காரீயத்துக்கு இந்தத் தாவல் பி.எச் 4 முதல் 5 வரையிலேயே நடந்துவிடும். துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் 6, 7 பக்கம் வர வேண்டும். அதனால் பி.எச் 5.5 உள்ள வயலில் காரீயம் பெரும்பாலும் மண்ணோடு கிடக்கும், காட்மியம் வேருக்குப் போய்விடும்.

உலக உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியில் காரீயத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை அனுமதி, காட்மியத்துக்கோ 0.01 மில்லிகிராம்தான். பார்த்தால் விநோதமாக இருக்கும். காட்மியம் மண்ணில் நிற்காமல் பயிரில் ஏறி உண்பவரின் உடலில் சேர்வதால்தான் இவ்வளவு கெடுபிடி. ஜப்பானின் ஜின்சு ஆற்றில் கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் பாசன நீரோடு நெல் வயல்களில் படிந்து, அரிசி வழியாக மக்களின் எலும்பையும் சிறுநீரகத்தையும் பாதித்தது. 1968-ல் அரசே அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. அந்த வயல்களின் மண்ணை மாற்றிச் சீராக்க 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. உங்கள் மூன்று உலோகங்களில் எனக்குக் கவலை தருவது காட்மியம்தான்.

அப்புறம், வற்றியதும் அள்ளுகிறேன் என்கிறீர்களே, அதில்தான் சிக்கல். தண்ணீருக்கடியில், காற்றுப் படாத கருஞ்சேற்றில், உலோகத்தின் ஒரு பகுதி கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாக இருக்கும். அழுகிய முட்டை வாசம் வந்தால் அப்படிப்பட்ட சேறு என்று கொள்ளலாம். காய்ந்து காற்றுப் பட்டதும் சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடையும். கூடவே அமிலமும் உண்டாகும். பிடித்து வைத்திருந்த சேறே உலோகத்தை விட்டுவிடும். அதைக் கீரைப் பாத்தியில் போட்டால் நேராக இலைக்குப் போகும். நெல்லிலும் இதே கதைதான்: வயலில் தண்ணீர் நிற்கும் வரை காட்மியம் அடங்கியிருக்கும், கதிர் முற்றும்போது வடித்துவிட்டால் தானியத்தில் ஏறும்.

'அப்படியென்றால் கடைசி வரை தண்ணீர் நிறுத்திவிடுகிறேன்' என்று உடனே முடிவெடுக்காதீர்கள். வண்டலில் ஆர்சனிக் இருந்தால் கதை தலைகீழ். காற்று இல்லாத மண்ணில் இரும்பு ஆக்சைடு கரையும், அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் வெளியே வந்து நெல்லில் ஏறும். அது மற்ற மூன்றைப் போல நேர் மின்னூட்டம் இல்லாமல் எதிர் மின்னூட்டம் கொண்ட அயனியாக இருப்பதால் சுண்ணாம்பு போட்டு பி.எச்-ஐ உயர்த்துவதும் அதற்கு ஒத்துவராது, பாஸ்பேட் உரமும் அதை இடத்திலிருந்து தள்ளிவிடும். உங்கள் அறிக்கையில் ஆர்சனிக் பார்த்ததாகத் தெரியவில்லை. அதைக் கட்டாயம் பாருங்கள்.

சோதனைக்கு மறுபடி போகும்போது நடுக்குட்டைச் சேறு, ஓரச் சேறு, வயல் மண் மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். மொத்த அளவு மட்டும் போதாது, டி.டி.பி.ஏ (உலோகத்தைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருள்) அல்லது கால்சியம் குளோரைடு கரைசலில் எவ்வளவு வெளியேறுகிறது என்றும் கேளுங்கள். பயிருக்குக் கிடைக்கக்கூடிய பகுதியை அதுதான் காட்டும். சேற்றை ஒருமுறை ஈரமாகவும், காற்றில் உலர்த்தி இன்னொரு முறையும் பி.எச் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்ததில் சட்டென்று இறங்கினால் அந்த வண்டலுக்கு வயலில் வேலையே இல்லை. தண்ணீரை வடிகட்டி ஒரு முறை, வடிகட்டாமல் ஒரு முறை அளக்க வேண்டும். வரம்புக்குள் என்று வந்தது பெரும்பாலும் வடிகட்டிய நீராக இருக்கும்.

மாடு வடிகட்டிக் குடிப்பதில்லை. குட்டைக்குள் இறங்கிக் கலக்கி, சேற்றோடு சேர்த்துத்தான் குடிக்கும். சேற்றுத் துகளில் ஒட்டிய காரீயம் மாட்டின் நான்காம் வயிற்றுக்குப் போனால், அங்கே இருக்கும் அமிலத்தில் மேலே சொன்னபடியே கழன்றுவிடும். கன்றுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பல்லைக் கடிப்பது, நடுங்குவது, கண் தெரியாமல் முட்டிக்கொள்வது இதன் அறிகுறிகள். இப்படி ஏதாவது கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் இருந்தால் பாலையும் சோதிக்க வேண்டும், அதுவரை யாருக்கும் கொடுக்காதீர்கள். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால், குட்டையைச் சுற்றி வேலி போட்டு, மேல்மட்ட நீரைக் குழாய் வைத்துத் தொட்டிக்கு எடுத்து, தெளிந்த பிறகு காட்டலாம். வடிகட்டாத நீரின் சோதனையும் வரம்புக்குள் இருந்தால்தான் இது.

வயலுக்கு ஏற்கெனவே கொஞ்சம் வண்டல் போயிருந்தால் பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் கீரையும் கிழங்கும் வைக்காதீர்கள். ஆர்சனிக் இல்லை என்று உறுதியானபின் சுண்ணாம்பு இட்டு பி.எச்-ஐ 6.5 முதல் 7-க்குள் நிறுத்துங்கள். அம்மோனியம் சல்பேட் மண்ணை அமிலமாக்கும், அங்கே அதைத் தவிர்ப்பது நல்லது. பொட்டாஷ் தேவைப்பட்டால் குளோரைடு வகைக்குப் பதில் சல்பேட் வகையை வாங்குங்கள். குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணின் பிடியிலிருந்து கழற்றிவிடும். உப்புத் தண்ணீர்ப் பாசனத்திலும் இதே வில்லங்கம் உண்டு. நன்கு மக்கிய தொழு உரம் உதவும். பச்சையான சாணமும் அரைகுறை மக்கும் வேண்டாம், அவற்றிலிருந்து கரையும் கரிமப் பொருள் உலோகத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

உலர்ந்த சேற்றின் பி.எச்-உம் ஆர்சனிக் முடிவும் வந்ததும், வயல் மண் அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். குட்டையை அப்படியே விட்டு மேலே சுத்தமான களிமண் மூடலாமா, இல்லை முறைப்படி அகற்ற வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.