ஏழு நாளில் தோரோங் லாவா?

கேள்வி: போன இதழில் நேபாளத்தின் அன்னபூர்ணா சர்க்யூட் பற்றி நீங்கள் எழுதிய பேக்பேக்கிங் கட்டுரையைப் படித்தேன். பதினான்கு நாள் வேண்டும், கைடு வேண்டும், கையில் உபரி நாள் வேண்டும் என்று அடுக்கியிருக்கிறீர்கள். அதே பாதையை ஏழே நாளில் முடித்தவர்களின் வீடியோக்கள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு வயது 27. தினமும் ஜிம் போகிறேன். ஆபீசில் ஒன்பது நாள் லீவு சொல்லியாகிவிட்டது. சாகசம் என்றாலே ரிஸ்க் எடுப்பதுதானே? ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கொஞ்சம் பயம் வரட்டும் என்றுதான் எழுதினேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும், இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று படுகிறது.

அந்த ஏழு நாள் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். முன்பெல்லாம் பாதை தொடங்குகிற பேசிசஹர் என்ற ஊரில் இருந்து, அதாவது கடல்மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருந்து, நடந்தே ஏறுவார்கள். மனாங் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரத்தில் உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும். இப்போது மனாங் வரை ஜீப் போகிறது. அந்த ஊர் இருப்பது 3540 மீட்டரில். காலையில் ஏறினால் அன்றைக்கோ மறுநாளோ இறக்கிவிட்டுவிடுவார்கள். காசு மிச்சம், நாள் மிச்சம், ஆனால் உங்கள் ரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர்தான். மனாங் போகும் வழியில் பாதியில் வருகிற சாமே என்ற கிராமமே ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கிறது. அதற்குமேல் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் உங்கள் உடம்பு இதுவரை பார்க்காத உயரம். இந்தப் பாதையிலேயே உயரமான இடம் தோரோங் லா கணவாய், 5416 மீட்டர். அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிதான், ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே கணக்கு. ஜிம்மில் எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் திடகாத்திரமான ஆட்கள்தான் வேகமாக ஏறி வேகமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. முதல் முறை போனபோது நானும் நண்பரும் மனாங்கில் ஒரே ஒரு இரவுதான் தங்கினோம். திரும்பி வர டிக்கெட் எடுத்திருந்தோம், அதுதான் காரணம். அடுத்த இரவு யாக் கர்காவில், அதற்கடுத்து கணவாயின் அடிவாரமான தோரோங் ஃபேதியில், 4450 மீட்டர். அங்கே சாயங்காலம் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை, தலை வலிக்கிறது என்றார். தூக்கம் இல்லாததுதான், படுங்கள் என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. நடுராத்திரியில் இரண்டு முறை வாந்தி. விடிகாலை எல்லோரும் டார்ச்சைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டவில்லை. எப்படிக் கட்டுவது என்று மறந்துபோனவர் மாதிரி இருந்தார். தரையில் பலகை போட்டிருந்தார்கள். இரண்டு பலகை சேரும் கோட்டின்மேல் குதிகாலும் விரலும் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்துவிட்டார். மூளையில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அந்தத் தள்ளாட்டம் ஒரு முக்கியமான அறிகுறி. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமே இல்லை, இறங்க வேண்டியதுதான். லாட்ஜ் பையன் ஒருவன் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டான், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யாக் கர்கா தாண்டியதும் அவருக்குப் பேச்சு தெளிந்தது. மனாங் வந்து சேர்ந்தபோது பசிக்கிறது என்றார். வெறும் தொள்ளாயிரம் மீட்டர் இறக்கம்தான், வேறு ஒரு வைத்தியமும் நடக்கவில்லை.

மனாங்கில் இன்னொரு இரவு தங்கியிருந்தால் அவர் கணவாயைத் தாண்டியிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். ஒரே ஒரு நாள். அதனால்தான் உபரி நாள், உபரி நாள் என்று அந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப எழுதினேன். மூவாயிரம் மீட்டருக்குமேல் போனால், முந்தின இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் தூங்காதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரலாம், தப்பில்லை, தூங்குவது மட்டும் கீழே இருக்கட்டும். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சின்ன மருத்துவ மையம் இருக்கிறது. சீசனில், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற இந்த மலைநோய் பற்றி மதியம் ஒரு வகுப்பு எடுக்கிறார்கள். போய் உட்காருங்கள். மலைநோய்க்குக் கொடுக்கிற டயமாக்ஸ் மாத்திரையை இங்கேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் தலைவலியை மாத்திரையில் அமுக்கிவிட்டு மேலே ஏறுவது தற்கொலைக்குச் சமம்.

அப்புறம் ரிஸ்க். 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது நினைவிருக்கும். அதன் மிச்சம் இரண்டே நாளில் இமயமலைக்குப் போய் தோரோங் லா பக்கம் பனியாகக் கொட்டியது. நல்ல சீசன் என்று உலகமே நம்பிப் போகிற மாதம் அது. பயணிகளும் கைடுகளும் உள்ளூர்க்காரர்களுமாக 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கையில் நாள் இருப்பவர் கீழேயே தங்கி வானம் தெளிகிற வரை காத்திருக்கலாம். நாளைக்குக் கணவாயைத் தாண்டாவிட்டால் பஸ்ஸும் ஃபிளைட்டும் போய்விடும் என்கிற நிலையில் இருப்பவர் கிளம்பித்தான் ஆவார். நீங்கள் கேட்கிற ஒன்பது நாள் பயணத்தில், திருப்பூரிலிருந்து ரயிலில் கோரக்பூர் போய் சுனௌலி எல்லையைத் தாண்டுவதற்கே எத்தனை நாள் போகும் என்று எண்ணிப் பாருங்கள், திரும்பி வரவும் அதே கணக்கு. நீங்கள் எடுக்கப்போவது ரிஸ்க் இல்லை தம்பி, திரும்பி வருகிற வழியை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். பாதியில் திரும்பி வருவதற்கு இடம் வைத்துக்கொண்டு கிளம்புகிறவனால்தான் துணிந்து போக முடியும்.

கைடு விஷயம் சுருக்கமாக. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் மலைப்பாதையில் கைடு இல்லாமல் தனியாகப் போகக் கூடாது என்று நேபாளம் விதி வைத்திருக்கிறது. விதியை விடுங்கள், என் நண்பருக்கு வந்த தள்ளாட்டம் எனக்கு வந்திருந்தால், தனியாக இருந்தால், யார் பலகைமேல் நடக்கச் சொல்லியிருப்பார்கள்? தலை குழம்பியவனுக்குத் தலை குழம்பியது தெரியாது.

பையில் பத்து கிலோவுக்குமேல் வேண்டாம். வழியெல்லாம் லாட்ஜ், எல்லா இடத்திலும் தால் பாத், அதாவது பருப்பும் சோறும், கிடைக்கும், கேட்கக் கேட்கப் போடுவார்கள். நீங்கள் பனியன் ஊர்க்காரர், பருத்தியின் குணம் என்னைவிட நன்றாகத் தெரியும்: வியர்வையில் நனைந்தால் காயாது, அங்கே நனைந்த துணி உடம்பைக் குளிரில் உறைய வைத்துவிடும். உடம்போடு ஒட்டுகிற முதல் உடை கம்பளி நூலிலோ பாலியஸ்டரிலோ இருக்கட்டும். கோவேறு கழுதைகள் வரிசையாக எதிரே வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்கவே நிற்காதீர்கள், மூட்டை இடித்தால் அவ்வளவுதான். இன்சூரன்ஸ் எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் செலவு சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்று. கணவாய்க்கு அந்தப் பக்கம் இறங்கினால் வருவது முக்திநாத் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்று நம்மூர்ப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பொக்காரா நகரத்திலிருந்து ஒரே நாளில் ஜீப்பில் சுமார் 3800 மீட்டருக்குக் கொண்டுபோய், அந்தக் குளிரில் 108 நீர்த்தாரைகளின் கீழ் குளிக்கவும் வைக்கிறார்கள். அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள் ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஒரு இரவு தங்கவைக்கும்படி கேளுங்கள். அவை ஆயிரம் மீட்டருக்குமேல் தாழ்வான ஊர்கள்.

சரி, ஒன்பது நாளை என்ன செய்வது? பொக்காராவிலிருந்து கோரேபானி வழியாகப் பூன் ஹில் போய்வாருங்கள். நடை நான்கைந்து நாள், உச்சி 3210 மீட்டர். வழியில் உல்லேரி கிராமத்துக்கு ஏறும் கல்படிகள் மூவாயிரத்தைத் தாண்டும், உங்கள் ஜிம் கால்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. விடியும்போது 8167 மீட்டர் தவளகிரி முதலில் சிவந்து அப்புறம் மஞ்சளாகிறதைப் பாருங்கள். உங்கள் உடம்பு மூவாயிரம் மீட்டருக்குப் பக்கத்தில் எப்படித் தூங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். அடுத்த வருஷம் பதினெட்டு நாள் லீவு கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், மனாங்கில் அந்த இரண்டாவது நாளில் எந்தப் பக்கம் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்று வரைபடமே போட்டு அனுப்புகிறேன்.